முதியோர், மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கை உயர்த்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
தமிழ்நாடு.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
ஊரக வளர்ச்சி அமைச்சகம், இந்திய அரசு,
புது தில்லி.

பொருள்: தேசிய சமூக உதவித் திட்டத்தின் கீழ் வழங்கும் ஓய்வூதியத்தை விலைவாசியோடு இணைத்து உயர்த்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு தரும் உரிமையில் இம்மனுவைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

முதியோர் பணம் மணியார்டரில் வந்த காலத்தில் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். இப்போது ஓய்வூதியத்தில் இருக்கிறேன். ஜனவரியிலும் ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டைக் கணக்கிட்டு எனக்கு அகவிலை நிவாரணம் உயர்கிறது. அதற்காக நான் யாரிடமும் மனு கொடுத்ததில்லை. ஆனால் நான் பணம் கொடுத்துவந்த அந்த ஏழை முதியவர்களுக்கு இதே மத்திய அரசு தரும் தொகை பல ஆண்டுகளாக அசையவே இல்லை. நானும் அவர்களும் ஒரே கடையில்தான் அரிசி வாங்குகிறோம்.

தேசிய சமூக உதவித் திட்டத்தின் முதியோர் ஓய்வூதியம் 1995 ஆகஸ்ட் 15 அன்று மாதம் 75 ரூபாயில் தொடங்கியது. 2007இல் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்று பெயர் மாறியபோது 200 ரூபாய். 2011இல் தகுதி வயதை 65இலிருந்து 60ஆகக் குறைத்தீர்கள். 80 வயது கடந்தவர்களுக்கு 500 ரூபாய் ஆக்கினீர்கள். இரண்டும் நல்ல முடிவுகள். ஆனால் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு இன்றும் அதே 200தான். ஒரு நாளுக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை.

மாநிலம் கொடுக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். தமிழ்நாடு 1962இலேயே முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிய மாநிலம்; 2023 ஆகஸ்டில் மொத்தத் தொகையை 1,200 ரூபாயாக உயர்த்தியது. உங்கள் பங்கு 200இல் நிற்பதால் உயர்வின் சுமை முழுவதும் மாநிலத்தின் தலையில் விழுகிறது. நிதி வசதி குறைந்த மாநிலத்தில் பிறந்த கிழவி என்ன செய்வாள்? அப்புறம் இதைத் தேசியத் திட்டம் என்று சொல்வதில் என்ன பொருள்?

இன்னொரு சிக்கல், ஆள் கணக்கு. பழைய மக்கள்தொகையையும் வறுமைக் கணக்கையும் வைத்து ஒவ்வொரு மாநிலத்துக்கும் பயனாளிகளின் உச்ச எண்ணிக்கை வகுக்கப்பட்டிருக்கிறது. அது நிரம்பிவிட்டால், பட்டியலில் இருக்கும் ஒருவர் இறந்தால்தான் புதியவருக்கு இடம். தாலுகா ஆபீசில் மனு போட்டுவிட்டுக் காத்திருப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, இன்னொருவரின் சாவுக்குக் காத்திருக்கிறார். ஒரு நலத்திட்டம் மனிதர்களை இந்த நிலையில் வைக்கக் கூடாது.

மாற்றுத்திறனாளிகள் விஷயம் இன்னும் வேதனையானது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 40 சதவீத ஊனத்தையே பல உரிமைகளுக்கு அளவுகோலாக வைக்கிறது. மத்திய ஓய்வூதியத்துக்கு 80 சதவீதம் வேண்டும். அப்படியும் கிடைப்பது 300 ரூபாய். 70 சதவீதச் சான்றிதழ் உள்ளவருக்கு உழைக்க முடிகிறது என்று யார் முடிவு செய்தார்கள்? அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு, இத்தகைய திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களைவிட 25 சதவீதமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்த 300 ரூபாய் பெறும் மாற்றுத்திறனாளிக்கு 80 வயதானதும் முதியோர் திட்டத்துக்கு மாற்றி, எல்லோருக்கும் தரும் அதே 500ஐத் தருகிறீர்கள். பார்வையற்றவருக்கு 80 வயதில் பார்வை திரும்பிவிடுவதில்லை.

ஆகவே, மத்திய அரசின் பங்கை முதலில் உயர்த்தி, எங்கள் ஓய்வூதியத்தைப் போலவே விலைவாசிக் குறியீட்டோடு இணைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இணைக்காமல் ஒருமுறை மட்டும் உயர்த்தினால் சில ஆண்டுகளில் அந்தத் தொகையும் இதேபோல் தேய்ந்துவிடும். உச்ச எண்ணிக்கையை நீக்கி, தகுதியுள்ள அனைவரையும் சேர்க்க வேண்டும். ஊன வரம்பை 40 சதவீதமாகக் குறைத்து, 25 சதவீதக் கூடுதலை 80 வயதுக்குப் பிறகும் தொடர வேண்டும்.

மாதம் 7ஆம் தேதிக்குள் முதியோர் ஓய்வூதியம் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. அது எல்லா மாநிலங்களிலும் நடக்க, உங்கள் தவணை தாமதமின்றி வர வேண்டும். கைரேகை தேய்ந்து இயந்திரத்தில் பதியாதவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் தபால்காரர் மூலம் வீட்டிலேயே, கட்டணமின்றிப் பணம் சேர ஏற்பாடு செய்யுங்கள். அந்த வேலையை நாங்கள் ஏற்கெனவே செய்தவர்கள்தான்.

இம்மனு மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)