ப்ரீஆம்ப் வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள செல்வா,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். பெரியவன் தேசிய சேவைக்குப் போகிறான், வீடு இப்போதே பாதி காலியான மாதிரி இருக்கிறது.

சரி, வீணை விஷயம். பாப்பா வாசிப்பதைப் பதிவு செய்தால் மெல்லிசாக, மந்தர ஸ்தாயியே இல்லாமல் கேட்கிறது, அதனால் நல்ல ப்ரீஆம்ப் (பிக்கப், மைக்கிலிருந்து வரும் சமிக்ஞையைப் பெரிதாக்கும் கருவி) பார்க்கிறேன் என்கிறாய். கொஞ்சம் பொறு. வீணையில் ஒட்டியிருப்பது பீசோ பிக்கப், அதாவது அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் வில்லை, அது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும், ஆகவே அடுத்து அதைச் சொருகும் இடத்தின் இம்பீடன்ஸ்தான் (ஓம் கணக்கில் அளக்கும் மின் எதிர்ப்பு) எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பிக்கப்பின் கெப்பாசிட்டன்ஸ் 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள். 10 கிலோஓம் லைன் இன்புட்டில் சொருகினால் 16 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாமே தேய ஆரம்பித்துவிடும். 1 மெகாஓம் என்றால் அந்த எல்லை 160 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், 10 மெகாஓமில் வெறும் 16 ஹெர்ட்ஸ், மந்தரத் தந்தியும் முழுசாக வரும். அங்கே தொலைந்ததை எத்தனை ஆயிரம் வெள்ளி ப்ரீஆம்பும் மீட்டுத் தராது, வந்து சேர்ந்ததைத்தான் அது பெரிதாக்கும்.

உனக்குத் தேவை ஆக்டிவ் டிஐ பாக்ஸ், அதாவது பிக்கப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் வைக்கும், மின்சாரத்தில் இயங்கும் பெட்டி. கன்ட்ரிமேன் டைப் 85 போன்றவற்றின் இன்புட் 10 மெகாஓம். மிக்சரிலிருந்து மைக் கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் பாண்டம் பவர் போட்டால் போதும். ரேடியல் ஜேடிஐ அருமையான பெட்டி, ஆனால் அது பாசிவ் (தனி மின்சாரம் இல்லாமல் இயங்குவது), இன்புட் 140 கிலோஓம்தான். அதைக் கீபோர்டுக்கு வைத்துக்கொள், கரண்டு வழியாக வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை (கேபிளின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிப்பது) தட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். எதையும் வாங்குவதற்கு முன் கணினியோடு இணைக்கும் உன் ஆடியோ இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' பட்டன் இருக்கிறதா என்று பார், அது அநேகமாக 1 மெகாஓம் இருக்கும், அதிலேயே பெரிய வித்தியாசம் தெரியும்.

ப்ரீஆம்ப் முக்கியமாவது மைக் வைக்கும்போதுதான். வீணை சத்தம் குறைந்த வாத்தியம், கெயினை (பெருக்கும் அளவை) 50 டெசிபல் வரை ஏற்ற வேண்டி வரலாம், அப்போது மலிவான ப்ரீஆம்பின் 'ஸ்ஸ்' நன்றாகவே கேட்கும். பலாமரக் குடத்தின் கார்வையைப் பிக்கப் முழுசாகப் பிடிக்காது என்பதால் மைக் கட்டாயம் வை, இரண்டையும் கலந்துகொள். ஆனால் வீவக அடுக்குமாடி வீட்டில் மின்விசிறியை நிறுத்தி, தாழ்வாரத்தில் ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகுதான் நல்ல ப்ரீஆம்புக்கே மரியாதை. அதனால் முதலில் டிஐ, அப்புறம் மைக், கடைசியில்தான் ப்ரீஆம்ப்.

என்னிடம் ஒரு ஆக்டிவ் டிஐ சும்மா கிடக்கிறது. சனிக்கிழமை தேக்கா பக்கம் வருவாய் அல்லவா, அப்படியே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போ, பாப்பாவையும் கூட்டி வா.

அன்புடன்,
குமார்