டிரக்டர் ஏன் பொங்கலுக்குப் பிறகுதான் வரும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மலைநாட்டில் புதர் ஏறிய ஈர மேய்ச்சல் துண்டுகளை டிரக்டர் இறக்கி வெட்டிக் கொடுப்பது எங்கள் கடையின் வேலை. கார்த்திகை பிறந்ததிலிருந்து கடைக்கு வரும் போனில் பாதிக்குப் பாதி ஒரே கேள்விதான். "ஓடையோரத் துண்டு காடாகிக் கிடக்குது, மாடு இறங்க வழியில்லை, டிரக்டரை எப்ப அனுப்புவீங்க?" எல்லோருக்கும் "பொங்கல் முடியட்டும்" என்றே பதில் சொல்கிறோம். சிலருக்கு இது சாக்குப்போக்காகத் தெரிகிறது. "மெஷின் சும்மாதானே கடை வாசலில் நிற்குது" என்று ஓர் அண்ணன் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். சும்மா நிற்பது உண்மைதான். ஏன் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் எங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறோம். போன வருடம் ஐப்பசி மழைக்கு நடுவே நாலு நாள் நல்ல வெயில் அடித்தது. இராகலைப் பக்கம் ஒரு வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார், நாங்களும் ஆசைப்பட்டு இறங்கிவிட்டோம். மேலே காய்ந்த மானாப் புல், மிதித்தால் சரசரவென்று சத்தம். பத்தடி போயிருப்போம். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது, அடுத்த நிமிடம் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. கடைசியில் பெக்கோ (மண் தோண்டும் மெஷின்) பிடித்து இழுத்தோம். பெக்கோ போட்ட குழி எங்கள் குழியைவிடப் பெரிது. கூலி வாங்கவில்லை, கேட்க முகமும் இல்லை. இந்த ஆவணியில் அந்தத் துண்டைப் போய்ப் பார்த்தோம். சுற்றிலும் கணுக்கால் உயரத்துக்குப் புல். சக்கரம் போன இரண்டு தடத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி, அதில் கோரை வளர்ந்திருக்கிறது, நூல் பிடித்து நட்ட மாதிரி இரண்டு வரிசையாக.

நடந்தது இதுதான். மண்ணுக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பொந்துகளில் நிற்கும் காற்றுதான் புல் வேருக்கு மூச்சு. காய்ந்த மண் பாரத்தைத் தாங்கும். ஊறிய மண்ணில் இரண்டு டன் டிரக்டர் ஏறினால் அந்தப் பொந்தெல்லாம் பிசைந்த மாவு மாதிரி அடைத்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் கீழே இறங்காது, புல் வேர் அழுகும். தண்ணீரில் நிற்கப் பழகிய கோரைக்கு அது சொந்த வீடு. புல்தரையை மீட்கப் போனவர்கள் கோரைக்குப் பாத்தி கட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அதனால்தான் இப்போது நாள் பார்க்கிறோம். மலைநாடு முழுவதும் ஒரே மழை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஹட்டன், நோர்வூட் பக்கம் வைகாசியில் தொடங்கும் தென்மேல் மழை புரட்டாசி வரை விடாது. கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கங்களை ஐப்பசிக்குப் பிறகு வரும் மழைதான் ஊற வைக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து காய்வது தைக் கடைசியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரைக்கும். விடியலில் புல் மேல் வெள்ளையாகப் பனி உறைந்து, பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும் அந்த ஏழெட்டுக் கிழமைதான் எங்களுக்கு அறுவடைக் காலம்.

அப்போதும் நாட்காட்டியை மட்டும் நம்பி இறங்கமாட்டோம். வந்தவுடன் ஓர் ஆள் அலவாங்கை (கடப்பாரையை) எடுத்துக்கொண்டு துண்டு முழுக்க நடப்பார். ஐந்தாறு அடிக்கு ஓர் இடத்தில் அலவாங்கை நிறுத்தி, ஓங்கிக் குத்தாமல், உடம்புப் பாரத்தை மட்டும் அதன் மேல் சாய்ப்பார். ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் அங்கே ஒரு குச்சி நட்டு வெள்ளைத் துணி கட்டிவிடுவோம். அந்தத் துணிக்கு அப்பால் டிரக்டர் போகாது, எவ்வளவு கேட்டாலும் போகாது. அந்த இடத்தைக் கையால்தான் வெட்ட வேண்டும். கொந்தரப்புக்கு (ஒப்பந்தக் கூலிக்கு) ஆள் வேண்டுமென்றால் நாங்களே பேசி அனுப்புகிறோம்.

ஸ்லாஷரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிரக்டரின் பின்னால் பூட்டும் இந்தச் சாமானின் பிளேட் கவ்வாத்துக் கத்தி மாதிரி கூராக இருக்காது. மொட்டையாக இருக்கும், வேகத்தில் அடித்து முறிக்கும். டிரக்டரின் பி.டி.ஓ., அதாவது பின்னால் பூட்டிய சாமானைச் சுற்ற வைக்கும் தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும்போதுதான் அதற்குச் சரியான வேகம். கல்லில் பட்டால் பிளேட் பின்னுக்கு மடங்கிக்கொள்ளும், ஆனால் கல் மடங்காது, பறக்கும். வேலை நடக்கும்போது நூறு மீற்றருக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று சொல்வது அதற்காகத்தான். போனில் வீடியோ எடுக்க மேட்டில் ஏறி நிற்கும் தம்பிமாருக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

டிரக்டர் ரிவர்ஸில் புதருக்குள் போவதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். காரணம் இருக்கிறது. சக்கரத்துக்கு முன்னால் ஸ்லாஷர் போகும்போது மறைந்திருக்கும் பழைய கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்), குழி, பாறை எல்லாம் வெளியே தெரிந்துவிடும். நறுக்கி விழும் தழை தரையில் மெத்தை மாதிரி கிடக்கும், சக்கரம் அதன் மேல் உருளும். முதல் தடவை எட்டு அங்குல உயரத்தில்தான் வெட்டுவோம். அந்தக் கட்டைகள் ஈட்டி மாதிரி நிற்கும், மாட்டுக் குளம்பில் ஏறும். அதனால் இரண்டாம் தடவை தாழ்த்தி ஓட்டி, கட்டையைத் தும்பாக்கிவிட்டுத்தான் கிளம்புவோம். சரிவில் ஏறி இறங்குவோமே தவிர குறுக்கே ஓட்டமாட்டோம். உருண்டால் தப்பிக்க நேரம் கிடைக்காது.

சரி, வெட்டியாகிவிட்டது. வேலை முடிந்ததா? இல்லை. எங்களைக் கேட்டால், காடு நோயே இல்லை, தண்ணீர்தான் நோய். பெரும்பாலான துண்டுகளில் முன்பு யாரோ கான் வெட்டி வைத்திருப்பார்கள். அது தூர்ந்து, தண்ணீர் வழி மாறித் தேங்கி, மாடு இறங்காமல் விட்ட பிறகுதான் புதர் ஏறும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் சரிந்து வந்த மண் எத்தனையோ கானை மூடிவிட்டது, இன்னும் தோண்டாதவர்கள் இருக்கிறார்கள். கானைத் திறக்காமல் புதரை மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்குள் மறுபடி எங்களைத்தான் கூப்பிடுவீர்கள். எங்களுக்கு அதில் இலாபம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறோம். மண்வெட்டியும் மண் கிளறும் முள்ளும் எடுத்து முதலில் பழைய கானைத் தேடுங்கள். அதற்காக ஊத்து முழுவதையும் வடித்துவிட வேண்டாம். பங்குனியில் மாட்டுக்குத் தண்ணீர் அங்கேதான் இருக்கும், கீழ் லயத்து வீடுகளுக்குக் குழாய் போவதும் அங்கிருந்துதான். ஓடைக்கரையில் பத்தடி அகலத்துக்குச் செடியை நாங்கள் தொடாமல் விடுவதும், மருந்து அடிக்கக் கேட்டால் மறுப்பதும் இதே காரணத்தால்தான்.

"நெருப்பு வைத்தால் ஒரு நாளில் முடியுமே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மானாவுக்கு நெருப்பு உரம் போட்ட மாதிரி. எரிந்த பத்தாம் நாளே பச்சையாகத் துளிர்க்கும், மற்றப் புல் எழும்பாது, முதல் மழையில் சாம்பலோடு மேல்மண்ணும் ஓடைக்குப் போகும். நுவரெலியா, அம்பேவல பக்கம் மஞ்சள் பூப் பூக்கும் முள்ளுப் புதர் இன்னும் மோசம். வெள்ளைக்காரர் காலத்தில் வந்த கோர்ஸ் அது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்து வருடம் கிடக்கும், சூடு பட்டால் கூட்டமாக முளைக்கும்.

வெட்டிய கையோடு மாட்டை அவிழ்த்துவிட வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறோம். வலப்பனைப் பக்கம் நிறைய இருக்கும் உண்ணிச்செடி வாடினாலும் விஷம்தான், தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்து உரியும். பன்னம் என்கிற பெரணிச் செடி வெட்டிய இடத்தில் சுருண்ட இளந்தளிர் வரும். பசியோடு இருக்கும் மாடு அதைக் கிழமைக்கணக்கில் மேய்ந்தால் சிறுநீரில் இரத்தம் போகும். தழை காய்ந்து உதிரட்டும், புல் ஒரு சாண் வரட்டும், பிறகு வயிறு நிரம்பிய மாட்டை விடுங்கள். ஈரத் தரையில் நத்தை இருக்கும், நத்தை வழியாக ஈரல் புழு வரும். அதற்கு எப்போது மருந்து கொடுப்பது என்று உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேட்டுப் பக்கத்தில் கிக்குயுப் புல் தண்டை முழத்துக்கு ஒன்றாக ஊன்றலாம், அது தானே ஓடிப் படரும். மண் புளிப்பாக இருந்தால் தேயிலைக்குப் போடுகிற அதே டொலமைட் போதும்.

நாங்கள் வருவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: துண்டைச் சுற்றி நன்றாகப் பார்த்து வையுங்கள். குளவிக்கூடு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர் இல்லாத தோட்டம் உண்டா? ஸ்லாஷர் சத்தத்துக்குக் கூடு கலைந்தால் டிரைவர் குதித்து ஓடக்கூட வழி இருக்காது. பன்றிக்குக் கட்டிய சுருக்குக் கம்பி கிடந்தால் கழற்றிவிடுங்கள். அது ஸ்லாஷர் அச்சில் சுற்றினால் எடுக்க அரை நாள் போகும். எங்கள் அரை நாளை விடுங்கள், 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படி ஒரு கம்பியில்தான் மாட்டிச் செத்தது.

கட்டணம் இனி ஏக்கர் கணக்கில் இல்லை, மணிக்கணக்கில். வெறும் மானா என்றால் ஒரு ஏக்கர் இரண்டு மணித்தியாலத்தில் முடியும். கல்லும் கட்டையுமாகப் புதர் என்றால் அரை நாள் போகும். இரண்டுக்கும் ஒரே விலை வாங்குவது நியாயமில்லை. ஸ்லாஷர் சுற்றும் நேரத்தை மட்டும்தான் கணக்கெடுப்போம். அலவாங்கோடு நடக்கும் நேரமும் தேநீர் குடிக்கும் நேரமும் எங்கள் செலவு.

தைக் கடைசியில் கந்தப்பளையில் தொடங்கி இராகலை, வலப்பனை என்று இறங்கி, மாசியில் அம்பேவல, பட்டிப்பொல பக்கம் ஏறுவோம். பெயர் கொடுக்கிறவர்கள் துண்டு எங்கே இருக்கிறது, ரோட்டிலிருந்து டிரக்டர் இறங்கப் பாதை உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குறித்த நாளுக்கு முதல் நாள் மழை பெய்தால் நாங்கள் வரமாட்டோம், காத்திருக்க வேண்டாம். காய்ந்ததும் நாங்களே கூப்பிடுவோம்.

இப்படிக்கு,
கடையார்

பி.கு.: போன பருவத்தில் யாரோ ஒருவர் வீட்டில் எங்கள் அலவாங்கை விட்டுவிட்டு வந்துவிட்டோம். தலைப்பக்கம் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கும். கண்டவர்கள் கடைக்குச் சொன்னால் நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம்.