ஆள் நடமாட்டமே இல்லாத காடா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் ஏட்டோடு வந்த வீடமைப்புச் சிறப்பிதழில் சிலாங்கூரில் உள்ள எங்கள் செமினிக்கு இரண்டு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி. நெடுஞ்சாலை, பல்கலைக்கழகம், காஜாங் எம்.ஆர்.டி. ரயில், புரோகா குன்றில் ஏறும் கூட்டம் என்று உங்கள் செய்தியாளர் ஒன்றையும் விடவில்லை. தரை வீடு ஆறு லட்சம் வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்குகிறது என்பதையும் ஏதோ தீபாவளித் தள்ளுபடி மாதிரி எழுதியிருந்தார். அதெல்லாம் சரி. நடுவில் ஒரு வரி: "முன்பு ஆள் நடமாட்டமே இல்லாத செம்பனைக் காடாகக் கிடந்த இடம்."

ஆள் நடமாட்டமே இல்லையாம். அப்படியானால் விடியாத இருட்டில் அங்கே வேலையாட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்தது யாருக்கு, குரங்குகளுக்கா? வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையில் தொட்டிலில் கிடந்தவர்களில் நானும் ஒருவன். செம்பனைக்கு முன்னால் அது ரப்பர்த் தோட்டம். ரப்பர் விலை விழுந்ததும் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். குழி வெட்டியதும் கன்று வைத்ததும் எங்கள் ஆட்கள்தான். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, பந்து விளையாடும் திடல், கள்ளுக்கடை எல்லாம் இருந்தன. (கள்ளுக்கடைக்காக நான் பெருமைப்படவில்லை. இருந்தது என்று சொல்கிறேன்.) உங்களுக்குத் தெரியாததா ஐயா? தமிழ் ஏடுகளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் அந்த லயத்துக்காரர்கள்தானே. ஒரு தாள் வந்தால் பத்து வீடு சுற்றும்.

இது இங்கே மட்டும் நடக்கும் கதையும் அல்ல. அரசாங்க நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா எழும்பியது பிராங் புசாரையும் சேர்த்து நான்கு தோட்டங்களின் நிலத்தில். அங்கிருந்தவர்களை டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். தரை வீடு கேட்டுக் கேட்டே அவர்கள் காலம் போனது. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்கு அரங்கம் கட்டிய புக்கிட் ஜாலிலும் தோட்டம்தான். எல்லாமே ஆளில்லாத காடு போலும்.

என் தாயார் முப்பது வருஷம் ரப்பர்ப் பால் வெட்டியும் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கியும் உழைத்தவர். தோட்டத்தை மூடியபோது கம்பெனி சட்டப்படிதான் நடந்துகொண்டது, அதில் குறை சொல்ல முடியாது. 1980ஆம் ஆண்டு பணிநீக்க இழப்பீட்டு விதிமுறை என்ன சொல்கிறது? ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். முப்பது வருஷத்துக்கு 600 நாள் கூலி. மாதத்துக்கு 26 நாள் வேலை என்று கணக்குப் போட்டால் இரண்டு வருஷச் சம்பளம்கூட முழுசாக வராது. வீடு? அது வேலையோடு வந்தது, வேலையோடு போனது. தோட்டத்து வீட்டில் என்னென்ன வசதி இருக்க வேண்டும் என்று 1990இல் ஒரு சட்டம் வந்தது. அந்த வீட்டை அதில் வாழ்ந்தவருக்கே சொந்தமாக்க அந்தச் சட்டத்தில் வழியில்லை.

மாற்று வீடு கொடுத்தார்களே என்பார்கள் சிலர். கொடுக்கவில்லை, விற்றார்கள். மலிவு விலை அடுக்குமாடி வீடு, 42,000 வெள்ளி. பழைய உச்ச விலை 25,000 வெள்ளி. 1998இல் அதை இடத்துக்கு ஏற்ப 42,000 வரை உயர்த்தியது அரசு. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய தோட்டத் தொழிலாளிக்கு எந்த வங்கி கடன் தரும்? என் பெயரில் எடுத்தேன். நான்காவது மாடி, மின்தூக்கி கிடையாது. வாழ்நாளெல்லாம் மேடு பள்ளம் ஏறி இறங்கிய கால்கள், அந்தப் படிக்கட்டில் தோற்றுவிட்டன. கடைசி வருஷங்களில் அவர் கீழே இறங்கியதே மருத்துவமனைக்குப் போகத்தான்.

பிறகு 2005இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் இங்கே வளாகம் திறந்தது. காஜாங்–சிரம்பான் நெடுஞ்சாலை போட்டார்கள். 2017இல் எம்.ஆர்.டி. காஜாங் வரை வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் நிலத்தின் விலை ஏறியது. நிலம் கம்பெனியுடையது, ஏறிய விலையும் கம்பெனிக்கே. காட்டைத் திருத்தியவர்களுக்குக் கிடைத்தது அந்த 20 நாள் கணக்கு. 1960இல் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் ஆளுக்குப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கூட்டுறவு சங்கம் தொடங்கியபோது, வெள்ளைக்காரன் விற்கும் தோட்டத்தை நாமே வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பியவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். அவர் இருந்த தோட்டத்தை மட்டும் யாரும் வாங்கவில்லை.

டவுனுக்கு வந்தாலும் இதே நிலைமைதான். பழைய கடை வரிசையில் வாடகையை ஏற்றியதில் முடிதிருத்தும் கடைக்காரர் பெரானாங் பக்கம் போய்விட்டார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை மூடிவிட்டது. அந்த இடத்தில் இப்போது குளிர்சாதனக் காப்பிக் கடை. சுவரில் பால்வெட்டும் பெண்ணின் பெரிய படம். ஒரு கோப்பை 14 வெள்ளி. மகள் வாங்கிக் கொடுத்தாள், குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அந்த மகள் படித்து நல்ல வேலையில் இருக்கிறாள். அவளாலேயே பிறந்த ஊரில் வீடு வாங்க முடியாமல், பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானில் வாங்கியிருக்கிறாள். மேம்பாடே வேண்டாம் என்று சொல்லும் பழைய ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். அவளும் எம்.ஆர்.டி.யில்தான் வேலைக்குப் போகிறாள்.

உங்கள் செய்தியாளர் மெச்சிய அந்த வேலி போட்ட தாமானுக்கு, அதாவது புதுக் குடியிருப்புக்குப் பின்னால்தான் எங்கள் தோட்டத்து இடுகாடு இருக்கிறது. தாயும் தகப்பனும் அங்கேதான். பழைய மண்பாதை இப்போது தாமானுக்குள் போய்விட்டது. காவல் சாவடியில் அடையாளக் கார்டைக் கொடுத்து, எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று எண் சொல்ல வேண்டும். என் தாயார் இருக்கும் இடத்துக்கு எண் போட மேம்பாட்டு நிறுவனம் மறந்துவிட்டது போலும். காவலுக்கு நிற்கும் நேப்பாளப் பையன் மேல் குற்றமில்லை, சில நாள் அவனே தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுவான். 2019 இடைத்தேர்தலில் செமினிக்கு வராத தலைவர் இல்லை. பாதையைக் கேட்டு மனு கொடுத்தோம். சிரித்தபடி வாங்கிப் படமும் எடுத்துக்கொண்டார்கள். படம் உங்கள் ஏட்டில்தான் வந்தது.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள் ஐயா. உள்பக்க மூலையில் சின்ன எழுத்தில் என்றாலும் போதும். அப்புறம், உங்கள் செய்தியாளருக்கு அந்த நிறுவனத்தாரோடு நல்ல பழக்கம் இருப்பது கட்டுரையைப் படித்தாலே தெரிகிறது. தாமானின் பின்வேலியில் ஒரு சிறு கதவு பூட்டிக் கிடக்கிறது. நாங்கள் இடுகாட்டுக்குப் போய்வரத் தீபாவளிக்கு முந்திய வாரம் மட்டுமாவது அதைத் திறந்து வைப்பார்களா என்று அவரைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் நேரில் கேட்டால் கடிதம் எழுதச் சொல்கிறார்கள், எழுதினால் பதில் வருவதில்லை.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்த ஒரு வாசகன்,
செமினி, சிலாங்கூர், மலேசியா.