கூந்தன்குளம் பருவத்துக்கு முன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் பறவைகள் கூடு கட்டும் கூந்தன்குளத்துக்கும் அதைச் சுற்றியுள்ள குளங்களுக்கும் பறவைப் படம் எடுக்கச் செல்பவர்களுக்கு, அதிகபட்ச நீளம் (குவியத் தொலைவு) 400 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸையும் ஃபிளாஷையும் இந்தப் பருவம் முதல் எங்கள் கேமரா கடையிலிருந்து வாடகைக்குத் தருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை அருகே வரவழைப்பதற்கென்று கேட்டால் புளூடூத் ஸ்பீக்கரும் தரமாட்டோம். முன்பதிவு பற்றிக் கேட்க வந்த சிலருக்கு இதனால் மனவருத்தம் என்று அறிகிறோம். கல்லாவில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய காரணம் இல்லை என்பதால் இதை எழுதுகிறோம்.

சென்ற பங்குனியில் ஓர் இளைஞர் எங்களிடம் 150-600 மி.மீ. லென்ஸ் கேட்டு வந்தார். கடையில் இருந்த இரண்டும் அன்று வெளியே போயிருந்தன. வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் ஒரு 70-300 லென்ஸைக் கொடுத்து, "கொஞ்சம் பக்கத்தில் போய் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். மறுநாள் அவர் கடைக் கணினியில் படங்களை நகலெடுத்தபோது நாங்களும் உடன் இருந்து பார்த்தோம். முதல் படத்தில், தண்ணீர் வற்றிய கரையோரக் கருவேல மரத்தின் உச்சியில் ஒரு சங்குவளை நாரை சிறகுகளைப் பாதி விரித்து நின்றது. அந்த நிழலுக்குள் மூன்று குஞ்சுகள் ஒண்டிக் கிடந்தன. நான்காவது படத்தில் நாரை சிறகை மடக்கிக் கழுத்தை நிமிர்த்திக் கேமராவையே பார்த்தது. அதற்குப் பிறகு தாயும் இல்லை, நிழலும் இல்லை. குஞ்சுகள் அலகைப் பிளந்து, தொண்டை துடிக்க, வெயிலில் கிடந்த படங்கள் மட்டுமே பதினொன்று இருந்தன. கோப்புகளின் நேரத்தைப் பார்த்தால் முற்பகல் 11.10-இல் தொடங்கி 11.32-இல் முடிந்திருந்தது. அந்த இளைஞருக்கு இதில் எதுவும் தெரியாது; குஞ்சுகளின் முகம் இவ்வளவு தெளிவாக விழுந்ததே என்று மகிழ்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போகச் சொன்னவர்கள் நாங்கள்தாம்.

மஞ்சள் மூக்கு நாரை என்றும் அழைக்கப்படும் இந்தப் பறவையின் குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் வெயிலைத் தாங்கும் இறகு கிடையாது. தாயோ தந்தையோ மாறி மாறி நின்று சிறகால் நிழல் தர வேண்டும். கடும் வெயிலில் அலகில் நீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் ஊற்றுவதும் உண்டு. மனிதரைக் கண்டு பெரிய பறவை எழுந்துவிட்டால் வெயில் ஒரு பக்கம், காகமும் பருந்தும் மறு பக்கம். பத்து நிமிட இடைவெளியே முட்டைகளைப் பறிகொடுக்கப் போதுமானது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்துக்குள், காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதும் அடங்கும்.

கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றதாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அரசாணைகளுக்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் புளியமரத்திலும் வேப்பமரத்திலும் நாரைகளுக்கு இடம் கொடுத்து வந்திருக்கிறார்கள். எச்சத்தின் வாடையைப் பொறுத்துக்கொள்கிறார்கள், அந்த எச்சம் படிந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக இடுகிறார்கள், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்தவர்கள் அந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு எங்கள் கடைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவர் மரத்தடியில் நின்று கைதட்டிப் பறவையை எழுப்பினார் என்ற பேச்சு வருவதை எங்களால் ஏற்க முடியாது.

இனிக் கருவியைப் பற்றி. 600 மி.மீ. லென்ஸை எங்களிடம் உள்ள பெரும்பாலான ஏ.பி.எஸ்.-சி (படம் பதியும் சென்சார் சற்றுச் சிறியதான) கேமராக்களில் பொருத்தி 50 மீட்டர் தொலைவில் நின்று பார்த்தால், ஃபிரேமின் அகலத்துக்குள் ஏறத்தாழ 2 மீட்டர் இடம் அடங்கும். சங்குவளை நாரை சிறகை முழுதும் விரித்தால் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். ஆக, 50 மீட்டரில் நின்றாலே பறவை ஃபிரேமை நிறைத்துவிடுகிறது. இதே படம் 300 மி.மீ. லென்ஸில் வேண்டுமென்றால் 25 மீட்டருக்குப் போயாக வேண்டும். பறவை எழுவதும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். லென்ஸ் நீளம் என்பது பெருமைக்காக அன்று, கூட்டுக்கும் நமக்கும் இடையே விடப்படும் மண்ணின் அளவு என்று கொள்ளுங்கள். லென்ஸின் நீளத்தைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் கேட்பவர்களுக்குத் தருகிறோம். ஆனால் அது ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும், எஃப் 6.3 திறப்புள்ள லென்ஸ் எஃப் 9-க்குப் போகும், சில பழைய கேமரா பாடிகளில் ஆட்டோஃபோகஸ் திணறும்.

நீளமான லென்ஸ் வாங்கிப் போயும் படம் ஷார்ப்பாக வரவில்லை என்று பலர் லென்ஸைக் குறைசொல்லித் திருப்பித் தருகிறார்கள். எடுத்த நேரத்தைக் கேட்டால் பத்து மணிக்கு மேல் என்பார்கள். வற்றிய குளத்தின் தரை சூடேறியதும் அதற்கு மேலுள்ள காற்று கானல்நீர்போல் நெளியத் தொடங்கிவிடும். அந்த நெளிவினூடே எந்த விலை லென்ஸும் தெளிவாகப் பார்க்காது. விடிந்து இரண்டு மணி நேரமும் மாலையில் கடைசி ஒன்றரை மணி நேரமுமே படத்துக்கு உரியவை. நடுவிலுள்ள வெயில் நேரத்தைப் பறவைகளுக்கே விட்டுவிடுங்கள். அவற்றுக்கும் அதுதான் பொல்லாத நேரம்.

மரத்தில் கூடு கட்டுபவற்றைவிடத் தரையில் முட்டையிடுபவற்றைப் பற்றியே எங்களுக்குக் கவலை அதிகம். ஆள்காட்டிக் குருவி குளத்துக் கட்டாந்தரையில் நான்கு முட்டை இடும். மண் நிறமும் கருந்திட்டும் கலந்த அந்த முட்டைகள், குனிந்து பார்த்தாலும் எளிதில் கண்ணில் படமாட்டா. ஒரு வாடிக்கையாளர், ஆள்காட்டி ஒன்று சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடும் படங்களை ஆசையோடு காட்டி, நடனமாடுகிறது என்றார். அது நடனமன்று. முட்டை இருக்கும் இடத்திலிருந்து ஆளை விலக்கி இழுத்துப் போக, அடிபட்டதுபோல் அது செய்யும் பாசாங்கு. அதைக் கண்டால் உடனே வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். அடுத்த அடி முட்டை மேல் விழலாம்.

மலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறையில் எங்கே போகலாம், எங்கே வண்டியை நிறுத்தலாம் என்பதை வனத்துறை சொல்லும். அதற்கு மேல் நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீண்ட லென்ஸ் தரும் ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். 600 மி.மீ.யில் கண்ணை வைத்தவருக்குத் தெரிவது ஏறத்தாழ இரண்டேகால் பாகை அகலம் மட்டுமே. ஃபிரேமுக்குள் ஒரு யானை அமைதியாக நிற்கும், ஃபிரேமுக்கு வெளியே பத்தடி தள்ளி வரும் இன்னொன்று தெரியாது. கரடியின் கதை வேறு. அதற்குப் பார்வையும் செவியும் மட்டம், மூக்குதான் கூர்மை. காற்று நம் பக்கம் வீசினால் நம் வாடை அதற்குப் போகாது; நெருங்கிய பிறகே திடுக்கிட்டுத் திரும்பும், திடுக்கிட்ட கரடி ஓடுவதைவிடப் பாய்வதே அதிகம். அடிவார ஊர்க்காரர்கள் அந்தி சாய்ந்ததும் தோப்புப் பக்கம் தனியே போகத் தயங்குவது இதனால்தான். வண்டியிலிருந்து இறங்காமல் எடுங்கள்; கண்ணாடியை இறக்கி அதன்மேல் ஓர் அரிசிப் பையை வைத்தால் கேமரா முக்காலியைவிட அசையாமல் நிற்கும்.

திருநெல்வேலியில் 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணன் நாடறிந்த காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞர். 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தாமே இணைத்துக்கொண்ட கனத்த கேமராவால் கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தார். ஆட்டோஃபோகஸ் இல்லை, நொடிக்கு இருபது படம் இல்லை. காத்திருந்தார், விலங்கின் போக்கைப் படித்தார். புதிய பாடி வாங்கலாமா என்று எங்களிடம் கேட்பவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை. இருக்கும் பாடியோடு ஒரு பருவம் முழுதும் ஒரே குளக்கரையில் உட்காருங்கள் என்பதே நாங்கள் தரும் உண்மையான பதில், அதனால் எங்களுக்கு ஒரு விற்பனை குறைந்தாலும்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக: மாஞ்சோலை மலைப் பனியிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த லென்ஸ் கண்ணாடியில் ஊர்ச் சூட்டுக் காற்று பட்டால் உள்ளே நீர் பூக்கும், அதிலிருந்துதான் ஃபங்கஸ் (பூஞ்சை). ஏ.சி. காரில் இருந்து குளக்கரையில் இறங்குபவர்களுக்கும் இதுவே. மூடிய பையை ஒரு மணி நேரம் நிழலில் விடுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் வெட்டவெளியில் லென்ஸ் மாற்ற வேண்டாம். வள்ளியூர்ப் பக்கம் ஒரு நாள் மாற்றியவரின் சென்சாரைத் துடைக்க எங்கள் பையனுக்கு அரைநாள் ஆயிற்று.

புதிய ஏற்பாடு இதுதான். 150-600 லென்ஸ்கள் மேலும் இரண்டு வாங்கியிருக்கிறோம். மார்கழி முதல் வைகாசி வரை கூந்தன்குளத்துக்கு என்று சொல்லி எடுப்பவர்களுக்கு மூன்று நாளைக்கு இரண்டு நாள் வாடகையே வாங்குவோம். ஓசையின்றிப் படமெடுக்கும் சைலன்ட் ஷட்டர் உள்ள மிரர்லெஸ் பாடி கேட்பவர்களுக்கு அதை எப்படி அமைப்பது என்று கொடுக்கும்போதே காட்டித்தருவோம். நீளமான லென்ஸ் கையிருப்பில் இல்லாத நாளில் இல்லை என்றே சொல்வோம். குறைந்த லென்ஸைக் கொடுத்துப் பக்கத்தில் போகச் சொல்ல மாட்டோம். சொந்தமாக 300 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவர்கள் அதோடு போவதை நாங்கள் தடுக்க முடியாது. அவர்கள் பறவையைச் சிறியதாக வைத்து, குளத்தையும் மரத்தையும் ஊரையும் சேர்த்து எடுத்துவந்து காட்டினால், நல்ல படங்களைக் கடைச் சுவரில் சட்டமிட்டு மாட்டுவோம்.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து முன்பதிவு தொடங்கும். லென்ஸை எடுக்க வரும்போது அடையாள அட்டையின் நகலும், எந்தக் குளத்துக்குப் போகிறீர்கள் என்ற விவரமும் வேண்டும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் ஊழியர்களும்
பாளையங்கோட்டை