உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர்களுக்கு, ஒரு கண்ணாடி இழையைப் பற்றி

யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

இணைய ஃபைபர் இழைகளை இணைப்பது என் தொழில். தெருவோரம் குடை விரித்து, தூசு படாமல் இழையைத் துடைத்து, வெட்டி, இரு முனைகளையும் உருக்கி ஒட்டுகிறேன். சென்ற மாரியில் ஓர் இணைப்புப் பெட்டிக்குள் இழை சற்றே இறுக்கமாக வளைந்து கிடந்ததால் ஒரு தெருவுக்கே இணைப்பு நலிந்தது. வளையத்தை ஒரு விரலகலம் தளர்த்தியதும் ஒளி மீண்டது. கூட நின்ற உதவியாளத் தம்பி வியந்துபோனான். உயர்தரம் எழுதியவன், ஒளி வெளியேறாமல் உள்ளேயே தெறிக்கும் முழுவுட்டெறிப்புக் கணக்கும், பொருளின் விறைப்பைச் சொல்லும் யங்கின் மட்டுக் கணக்கும் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் தன்னை நெரிப்பதையும் இழுப்பதையும் இழையே சொல்லும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

அதைச் சொல்லிக்கொடுக்க ரொக்கெட் மோட்டாரைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. ரொக்கெட், மோட்டார் என்ற சொற்கள் என் தலைமுறைக்கு வேறு நினைவுகளைத் தருபவை. நம் பிள்ளைகளுக்காவது அவை அறிவியலாக வந்து சேரட்டும்.

ரொக்கெட்டை உந்தும் திண்ம எரிபொருள் மோட்டாரில், உருளைக் கூட்டுக்குள் றப்பர் போன்ற எரிபொருளை வார்த்து இறுகவைத்திருப்பார்கள். பற்றியபின் அணைக்க முடியாது. அதில் வெடிப்பு விழுந்திருந்தால் எரியும் பரப்பு திடீரெனப் பெருகி அமுக்கம் எகிறும். எரிபொருள் சுவரைவிட்டுப் பிரிந்திருந்தால் சுவாலை கூட்டையே எட்டிவிடும். திருவிழாவில் மருந்து பிளந்த வாணம் ஏறாமல் வெடிப்பதும் இதனால்தான். 1986 ஏப்ரல் 18இல் அமெரிக்காவின் டைட்டன் 34டி ரொக்கெட், புறப்பட்டு ஏறத்தாழ எட்டுச் செக்கன்களில் சிதறியது. ஒரு மோட்டாரில் வெப்பக்காப்புப் படை கூட்டிலிருந்து பிரிந்திருந்ததே காரணம்.

எக்ஸ்-கதிர்ப் பரிசோதனை அந்த வேளையின் நிலையை மட்டுமே காட்டும். வார்ப்பு ஆறும்போது சுருங்குவதையும், களஞ்சியத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்து இறுகுவதையும் இடைவிடாமல் கவனிக்க ஒளியிழை உதவுகிறது. 125 மைக்ரோமீற்றர் தடித்த இழையின் உள்ளகத்தில், ஏறத்தாழ அரை மைக்ரோமீற்றர் இடைவெளியில், புறஊதா ஒளியால் வரிகளைப் பதிக்கிறார்கள். இதற்குப் பிராக் கீற்றணி என்று பெயர். உள்ளே செல்லும் ஒளியில் ஒரேயோர் அலைநீளத்தை அது தெறித்துத் திருப்பி அனுப்பும். இழை நீண்டால் வரிகள் விலகும், அந்த அலைநீளம் மாறும். 1550 நனோமீற்றரில், நீளத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீட்சிக்கு (விகாரத்துக்கு) ஏறத்தாழ 1.2 பிக்கோமீற்றர் நகர்வு. ஓரிழையிலேயே பல கீற்றணிகளை வரிசையாக வைக்கலாம். இழைக்குள் மின்னோட்டம் இல்லை. எரிபொருளின் அருகே பொறி பறக்க வழியில்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

சிக்கல்களும் உண்டு, அவைதாம் நல்ல வினாக்கள். வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் ஏறினாலும் அலைநீளம் ஏறத்தாழ 10 பிக்கோமீற்றர் நகரும். இழுவை எது, வெப்பம் எது என்று எப்படிப் பிரிப்பது? கண்ணாடியின் யங்கின் மட்டு ஏறத்தாழ 70 கிகாபஸ்கால், எரிபொருளினதோ சில மெகாபஸ்கால். இவ்வளவு விறைத்த இழையை மென்மையான வார்ப்புக்குள் புதைத்தால் இழையே குறையாகிவிடாதா? கூட்டின் சுவரிலும், எரிபொருளைச் சுவரோடு பிணைக்கும் ஒட்டுப் படையிலும் அதை வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இது நமக்குத் தொலைவான கதையும் அல்ல. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் இந்தியாவின் பிஎஸ்எல்வி ரொக்கெட், இலங்கைக்கு மேலாகப் பறக்காதிருக்கவே வளைந்து செல்கிறது. அதன் முதற்கட்டமும் திண்ம எரிபொருள் மோட்டார்தான்.

உங்களிடம் கேட்பது இதுதான். ஒளியியலையும் சடப்பொருளின் இயல்புகளையும் தனித்தனி அலகுகளாக முடித்த பின்னர், ஒரேயொரு பாடவேளையில் இரண்டையும் இந்த இழையால் கோத்துக் காட்டுங்கள். வேலையில் மிஞ்சிய இழைத் துண்டுகளும், முறிவைத் தேடும் சிவப்பு லேசர்ப் பேனாவும் என்னிடம் உள்ளன. கண்ணாடிச் சிராய் விரலில் ஏறாமல் பிடிக்கும் விதத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டித் தருவேன். சனிக்கிழமைகளில் எனக்கு வேலையில்லை. அழைத்தால் எந்தப் பாடசாலைக்கும் வருவேன்.