இடைவேளைக்குப் பிறகு ஐந்து நிமிடம்: அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோருக்கு,

கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்துவிட்டன. இடைவேளை நேரத்தில் எங்கள் மைதானத்து மணலைப் பார்க்கவே கண் கூசுகிறது. அங்கே விளையாடிவிட்டு ஓடிவரும் பிள்ளைக்கு வகுப்பறை இருட்டறைதான்.

சென்ற கிழமை தரம் 6 பிள்ளை ஒன்று பலகையில் இருந்த கணக்கை எழுதாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்தது. ஏசிவிட்டேன். மறுநாள் நானே வெயிலில் நின்றுவிட்டு உள்ளே நுழைந்து, வாசலில் கிடந்த தண்ணீர்ப் போத்தலை உதைத்துத் தள்ளினேன். பிறகு அந்தப் பிள்ளையிடம் போய் வருத்தம் சொன்னேன்.

வெளிச்சம் மாறும்போது கண் பழகுவதற்குக் கண்மணி சுருங்கி விரிவதுதான் எல்லாம் என்று பலர் நினைக்கிறோம். அதன் விட்டம் 2 மில்லிமீற்றரிலிருந்து 8 மில்லிமீற்றர் வரை விரிந்தாலும் உள்ளே போகும் ஒளி 16 மடங்குதான் கூடும். உச்சி வெயிலுக்கும் நிலவுக்கும் இடையிலோ லட்சக்கணக்கான மடங்கு வித்தியாசம். மிச்ச வேலை கண்ணின் பின்புறத்தில் இருக்கும் விழித்திரையுடையது. அங்கே பக்கவாட்டில் பின்னிக் கிடக்கும் நரம்புக் கலங்கள், சுற்றுப்புறம் எவ்வளவு வெளிச்சம் என்று பார்த்து, ஒளிவாங்கிக் கலங்கள் அனுப்பும் சைகையைக் குறைத்துக்கொள்கின்றன. வெளிச்சம் மங்கினால் பல கலங்களின் சைகைகளைக் கூட்டி ஒன்றாக்கி அனுப்பும் வழி விழித்திரையில் இருக்கிறது. அதனால் நிலவில் ஆளைக் காணலாம், ஆனால் எழுத்தை வாசிக்க முடியாது.

பலகையை வாசிக்க உதவும் கூம்புக் கலங்கள் சில நிமிடங்களில் சரியாகிவிடும். இருட்டுக்கு உதவும் கோல் கலங்களுக்கோ, ஒளியை உணரும் நிறப்பொருள் வெளிச்சத்தில் சிதைந்தபின் திரும்பச் சேர அரை மணி வரை செல்லும். வாவியில் இரவில் தோணி விடுபவர்கள் "முகத்துக்கு ரோச் அடிக்காதே" என்று ஏசுவது சும்மா இல்லை.

ஆகவே திங்கட்கிழமை முதல் இடைவேளைக்குப் பிந்திய முதல் 5 நிமிடம் எழுத்து வேலை கிடையாது. வாய்ப்பாடு, கதை, கேள்வி என்று வாய்வழியே நடக்கும். மைதானத்துக்குத் தொப்பி போட்டு வரலாம், ஆட்சேபனை இல்லை.

கோல் கலங்களின் அந்த நிறப்பொருளுக்கு விற்றமின் ஏ வேண்டும். முருங்கை இலைச் சுண்டலையும் பப்பாசிப் பழத்தையும் தட்டில் ஒதுக்கிவைக்கும் பிள்ளைகளை உங்களுக்கே தெரியும். அந்தியில் தட்டுத் தடுமாறும் பிள்ளையை மட்டும் தாமதிக்காமல் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் பலகை மங்கலாகத்தான் தெரிகிறது என்றால் காரணம் வெயில் அல்ல, கண்ணாடி தேவைப்படலாம். வகுப்பாசிரியரிடம் ஒரு சொல் சொல்லுங்கள், முன் வரிசைக் கதிரையை ஒதுக்கித் தருவோம்.

இப்படிக்கு,
அதிபர்,
மட்டக்களப்பு