உயில் விஷயத்தில் உதவிய வக்கீலம்மாவுக்கு நன்றி

பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. அப்பா எழுதிவைத்திருந்த உயிலைப் பொறுமையாகப் படித்துக்கொண்டே வந்தீர்கள். சாட்சி இடத்தில் தம்பி பெயரைப் பார்த்ததும் உங்கள் பேனா நின்றுவிட்டது. "பங்கு வாங்குறவரே சாட்சி போட்டா, அவர் பங்குக்கே சிக்கல் வரலாம். பங்கு இல்லாத ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க. அப்பா கையெழுத்துப் போடும்போது ரெண்டு பேரும் கூடவே இருக்கணும்" என்றீர்கள். அடித்துத் திருத்திய பக்கத்தையும் புதிதாக எழுதச் சொன்னீர்கள்.

எங்களை வெளியே உட்காரவைத்து அப்பாவிடம் தனியாகப் பேசினீர்களே, அப்போது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. யாரும் வற்புறுத்தி எழுதவைக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான் என்பது பிறகு புரிந்தது. இதை எத்தனை பேர் மெனக்கெட்டுச் செய்வார்கள்! ரொம்ப நன்றி மேடம். அப்பாவும் சொல்லச் சொன்னார்.